டி.என்.ஏ. இல்லாத வாழைக்கன்று

அந்தப் பெட்டியைக் காலடியில் வைக்காதீர்கள் சார். பஸ்ஸில் கீழே என்ஜின் சூடு, இலை வெந்துவிடும். மடியில் வையுங்கள். இல்லை, இப்படிக் கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன். தெர்மாகோல் பெட்டி, மேலே ஒட்டுத்தாள், தாளில் எண். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வாழைதானே? ஐஸ் போட்டிருக்கிறீர்களா? நல்லது. திருச்சி போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் தாங்கும்.

நான் மருதையன். நீங்கள் இந்த இலையைக் கொண்டுபோகிற மாதிரி ஒரு ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தவன். எந்த ஊர், எந்த ஆய்வகம் என்று கேட்காதீர்கள். பத்தொன்பது வருஷம் தினக்கூலி, ஏழு வருஷம் நிரந்தரம். நான் சொல்லப்போவது நிரந்தரமான முதல் வருஷத்தில் நடந்தது. அந்த முதல் வருஷம் தகுதிகாண் பருவம். ஒரு சின்ன மெமோ வந்தால் போதும், வீட்டுக்குப் போ என்பார்கள். எனக்கு வரவில்லை. ஒரு மெமோகூட இல்லாமல் ஓய்வு பெற்றவன் சார் நான். கேட்டுப் பாருங்கள்.

டி.என்.ஏ. என்றால் இவனுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இலையை அரைத்து, மருந்து ஊற்றி, மெஷினில் சுற்றவிட்டு டி.என்.ஏ.வைப் பிரித்து எடுப்பது ஆய்வாளர் மேடம் வேலை. எடுத்தது நல்லதா கெட்டதா என்று ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. அதைப் பார்க்காமல் நோய்ப் பரிசோதனைக்குப் போகக் கூடாது. போனால் கெட்டுப்போன டி.என்.ஏ.வில் நோய் தெரியாது. நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாலு மாதத்தில் ஒரு தாலுகா வாழையும் முடிக்கொத்து நோய் வந்து, தலையில் கட்டுக் கட்டின மாதிரி இலை சுருங்கி நிற்கும்.

அகரோஸ் என்று ஒரு வெள்ளைப் பொடி. கடல்பாசியிலிருந்து எடுப்பது. கரைசலில் போட்டுக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, ஒரு ஓரத்தில் சீப்பைச் சொருகி ஆறவிட்டால், நோன்புக்கு பாய் வீட்டில் செய்கிற கடல்பாசி மாதிரியே உறைந்துவிடும். சீப்பை உருவினால் வரிசையாகக் குழி. ஒவ்வொரு குழியிலும் டி.என்.ஏ.வை நீலச் சாயம் கலந்து விடவேண்டும். கை நடுங்கக் கூடாது. பிறகு தொட்டியில் வைத்து, மூடி போட்டு, கரண்ட் கொடுத்தால் டி.என்.ஏ. நகரும். கறுப்பிலிருந்து சிவப்புக்கு. மூடியில் ஒரு பக்கம் கறுப்பு ஒயர், ஒரு பக்கம் சிவப்பு ஒயர். குழி கறுப்புப் பக்கம் இருக்கும், அங்கிருந்து டி.என்.ஏ. சிவப்பைப் பார்த்து ஓடும். அவ்வளவுதான் சார் மொத்த விஞ்ஞானமும். மற்றதெல்லாம் இங்கிலீஷ்.

முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து யூ.வி. விளக்கில் வைத்தால் கோடு தெரியும். நல்ல டி.என்.ஏ. என்றால் விபூதிப் பட்டை மாதிரி ஒரே கோடு. கெட்டது என்றால், அழுத கண்ணில் மை கலைந்த மாதிரி கீழே வரைக்கும் இழுபட்டிருக்கும்.

அந்த மேடத்தின் பெயர் நப்பின்னை. டாக்டர் பட்டம். ஒப்பந்த வேலை. நவம்பர் முப்பதோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் ஒரு பதினைந்து வாழை இலை மாதிரிக்கு முழு அறிக்கை போனால்தான் அடுத்த மூன்று வருஷத்துக்கு நீட்டிப்பார்கள். நீட்டினால்தான் பேறுகால விடுப்பு. ஏனென்றால் மேடம் அப்போது முழுகாமல் இருந்தார். தையில் பிரசவம். கணவர் அப்போதுதான் வேலை போய் வீட்டில் இருந்தார். ஆக, அந்தப் பதினைந்து மாதிரிதான் அந்தக் குடும்பத்துக்கு எல்லாமே.

நல்ல பெண். என்னை "மருதண்ணே" என்றுதான் கூப்பிடுவார். நானும் ஒரு குறை வைக்கவில்லை. ஜெல்லில் ஒரு மருந்து கலப்போம், எத்திடியம் என்று. புட்டியிலேயே மண்டையோடு போட்டிருக்கும். மாசமாக இருக்கிற பெண் அதன் காற்றுப் படலாமா? "அம்மா, பிள்ளை பிறக்கிற வரைக்கும் நீங்க ஜெல் ரூமுக்குள்ள கால் வைக்கப்படாது. ஊத்துறது, விடுறது, ஓட்டுறது எல்லாம் நான் பாத்துக்கறேன். உங்களுக்குப் போட்டோ வந்துரும்" என்றேன்.

"மாஸ்க்கும் ரெண்டு கிளவுசும் போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றார்.

"உங்களுக்கு ஆகாது. உள்ள இருக்கறவன் கிளவுஸ் போட்டிருக்கானா?"

இயக்குநர் அய்யாவிடம் சொல்லி உத்தரவே வாங்கிவிட்டேன். கதவில் நான்தான் ஒட்டினேன். நாலு மூலைக்கும் பசை தடவி.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. மற்ற அறைகளில் சும்மா ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பொரி தின்னப் போய்விடுவார்கள். நான் அப்படியில்லை. நிரந்தரமான பிறகு வருகிற முதல் பூஜை அல்லவா? தொட்டியைக் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். என் மேசைக்கு இடது கைப் பக்கச் சுவரில் சரசுவதி படம். சூடம் காட்டும்போதுதான் கவனித்தேன். இத்தனை வருஷமாக எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை. மூடியின் கறுப்புப் பக்கம் அம்மனுக்கு நேராக இருக்கிறது! வெள்ளைச் சேலை கட்டின கலைமகள் முகத்துக்கு நேரே கறுப்பு. உடம்பெல்லாம் பதறிவிட்டது சார். அந்த மூடியில் முளை ஒன்று ஒடிந்து ரொம்ப நாள். எப்படித் திருப்பிப் போட்டாலும் உட்கார்ந்துகொள்ளும். சிவப்பை அம்மன் பக்கம் திருப்பி வைத்து, மேலே ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். மறுநாளிலிருந்து அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் மூடி போடுவது. பூஜையில் வைத்ததை மாற்றக் கூடாதல்லவா? தட்டு மட்டும் பழையபடியே, குழி இடது பக்கம். வேலையில் நான் எதையும் மாற்றுகிறவன் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த நேரம் பார்த்து, என்ன கிரகமோ, வாழையில் டி.என்.ஏ. காணாமல் போய்விட்டது.

முதல் ஜெல். யூ.வி. விளக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை. ஒரு கோடு இல்லை. அளவுக்காக ஒரு லேடர் ஓட்டுவோம், கடையில் வாங்கின டி.என்.ஏ., அதுவும் இல்லை. போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லேடரும் வரலியேண்ணே. கூரியர்ல ஐஸ் உருகி வந்துச்சே, அதுவா இருக்குமோ?"

"அதாத்தான் இருக்கும்."

"நீலச் சாயம் எது வரைக்கும் ஓடுச்சு?"

"எப்பவும் போலத்தாம்மா" என்றேன்.

உங்களிடம் மறைப்பானேன். எப்பவும் போல இல்லை. முன்பெல்லாம் சாயம் ஜெல்லைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்தப் பருவத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்திலேயே நீலம் கண்ணில் படவில்லை. பூஜை போட்டதில் மெஷின் வேகம் எடுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் சொன்னால், கரண்ட்டைக் கூட்டி வைத்தாயா என்று கேட்பார்கள். தகுதிகாண் பருவம் சார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளலாமா? முக்கால் மணி நேரமும் விட்டு, டீ குடித்துவிட்டு வந்துதான் நிறுத்தினேன். விதிப்படி.

மேடம் புது மருந்து போட்டுப் பார்த்தார். புது இலை அரைத்தார். வேறொரு மெஷின் உண்டு, சொட்டு விட்டால் டி.என்.ஏ. எவ்வளவு என்று எண் காட்டும். அதில் நன்றாக எண் வருகிறது, ஜெல்லில் காணோம். "கணக்குல இருக்கு, கண்ணுல இல்லையேண்ணே" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். புது லேடர் வந்தது. அதுவும் இல்லை. அந்த ஊர் வெயிலில் எந்த லேடர் நிற்கும்?

பதினைந்து நாளுக்கொரு முறை அறிக்கை போகவேண்டும். இயக்குநர் அய்யா மேடத்தைக் கூப்பிட்டு, "கண்டறியப்படவில்லைன்னு எழுதி அனுப்புங்க" என்றார்.

"சார், உசிரோட இருக்கற செடில டி.என்.ஏ. இல்லைன்னு எப்படி சார் எழுதறது? நம்ம வேலைல எங்கயோ தப்புன்னுதான் எழுதணும்."

"நம்ம வேலைல தப்புன்னு எழுதினா நம்மகிட்ட விளக்கம் கேப்பாங்க. வாழைல இல்லைன்னு எழுதினா வாழைகிட்டயா போய்க் கேப்பாங்க?"

அவர் படித்தவர். எழுதியாகிவிட்டது.

மூன்றாம் நாள் அய்யாவு வந்தார். காட்டுப்புத்தூர்ப் பக்கம் திசு வளர்ப்பு வாழைக்கன்று நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். பதினைந்தில் ஒன்பது மாதிரி அவருடையது. தோளில் ஒரு முழுக் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேடத்தின் மேசையில் போட்டார், மண்ணோடு.

"ஏம்மா, இதுல டி.என்.ஏ. இல்லையா? இல்லாமத்தான் இது ஏழு எல விட்டு நிக்குதா? இதுல இல்லைன்னா வேற எதுல இருக்கு, உங்க மேசைலயா?"

"அய்யா, ஒரு வாரம் குடுங்க, நான் மறுபடியும்..."

"மறுபடியும் பாத்து, கன்னே இல்லைன்னு எழுதுவீங்களா?"

நான்தான் நடுவில் புகுந்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அடுத்த வாரம் அதே மனிதர் சிரித்துக்கொண்டு வருகிறார். கையில் ஒரு சீப்புப் பழம். விஷயம் என்னவென்றால், அவருடைய பண்ணையில் யாரோ ஒரு வியாபாரி அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "டி.என்.ஏ. இல்லையா? அப்ப சுத்தமான கன்னு" என்று ஐந்நூறு கன்று எடுத்துப் போயிருக்கிறார். பூச்சிமருந்து இல்லை, ரசாயனம் இல்லை, டி.என்.ஏ. இல்லை. அய்யாவு ரோட்டோரத்தில் பலகையே வைத்துவிட்டார்: டி.என்.ஏ. இல்லாத வாழைக்கன்று இங்கே கிடைக்கும். அரசு ஆய்வகச் சான்று உண்டு.

அதற்கப்புறம் வாசலில் ஒரே கூட்டம். "எங்க தோட்டத்துலயும் இல்லைன்னு எழுதிக் குடுங்க சார்." "காட்டுப்புத்தூர்க்காரருக்கு மட்டும்தான் எழுதுவீங்களா? நாங்க என்ன இளிச்சவாயனுங்களா?" ஒரு கிழவர், தன் வாழையில் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அது பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேடம் ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேவிட்டார். மாசமான பெண் அழக் கூடாது. நான் ஆறுதல் சொன்னேன்.

"அம்மா, எனக்குக் காரணம் தெரியும். சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"டி.என்.ஏ.வ நீங்க எடுக்கறீங்க. எடுக்கும்போதே பிள்ளை இழுத்துக்குது. எங்க அத்தை மாசமா இருக்கறப்ப அவங்க தொட்ட பால் உறையாது."

"அப்ப எம் பிள்ளை வாழையாப் பொறக்குமாண்ணே?" என்று கேட்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

நவம்பர் நடுவில் இயக்குநர் அய்யாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாழையில் மட்டும்தான் இல்லையா, ஊரிலேயே இல்லையா? வளாகத்துப் புங்க மரத்திலிருந்து இலை பறித்தோம். இல்லை. அய்யா வீட்டு முருங்கை. இல்லை. கேன்டீன் வெங்காயம், கறிவேப்பிலை. இல்லை. கறிக்கடையிலிருந்து கால் கிலோ ஆட்டு ஈரல் வாங்கி வந்தோம். அதிலும் இல்லை. (மீதி ஈரலை வறுத்தோம். நன்றாகத்தான் இருந்தது.) கடைசியில் அய்யா எழுந்து நின்றார். "என்கிட்ட எடுங்க" என்றார். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சை வைத்துத் தேய்த்துக் கொடுத்தார்.

நானே ஓட்டினேன். நானே போட்டோ எடுத்தேன். அதைக் கொண்டுபோய் எப்படிக் கொடுப்பது? மேசை மேல் கவிழ்த்து வைத்தேன்.

திருப்பிப் பார்த்தார். "எனக்கே இல்லையா மருதை?" என்றார்.

"லேசா இருந்திருக்கும் அய்யா. விளக்கு வெளிச்சம் பத்தல."

"வேண்டாம், சமாதானம் சொல்லாத." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க மாமனார் கல்யாணத்தன்னிக்கே சொன்னாரு, இவன்கிட்ட ஒண்ணும் கிடையாதுன்னு. வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது."

அன்று முதல் அவர் நடையே மாறிவிட்டது. யாராவது வணக்கம் வைத்தால்கூட, எனக்கா என்று திரும்பிப் பார்ப்பார். அதை ஆவணத்தில் ஏற்றலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசனை. ஏற்றினால், டி.என்.ஏ. இல்லாத ஆள் அரசாங்கக் கையெழுத்துப் போடலாமா என்று தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது?

நவம்பர் இருபத்தெட்டு ஆயிற்று. மேடத்துக்கு மீதி இரண்டு நாள். நோய்ப் பரிசோதனைக்கே ஒரு முழு நாள் வேண்டும். ஜெல்லில் கோடு வராமல் அதைத் தொடங்கவும் முடியாது. நான் காலையில் ஜெல்லை ஓட்டிவிட்டு டீக்குப் போனேன். திரும்பி வந்தால், என்ன சொல்ல, ஜெல் அறைக்குள் மேடம் நிற்கிறார்! மாஸ்க், கிளவுஸ், மேலே ஒரு பெரிய ஏப்ரன், வயிறு முன்னால் முட்டிக்கொண்டு. நான் ஒட்டின உத்தரவைத் தாண்டி.

"அம்மா! வெளிய வாங்க முதல்ல!"

"இருங்கண்ணே." குனிந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடியை எப்பவும் இப்படித்தான் வைப்பீங்களா?"

"ஆமா. பொட்டைப் பாத்துத்தான் வைப்பேன்."

"எப்பலேர்ந்து?"

"ஆயுத பூஜைலேர்ந்து."

"ஆயுத பூஜைலேர்ந்து" என்று அவரும் சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட. எனக்குப் பயமாகிவிட்டது. அங்கேயே வலி கண்டுவிட்டால்? இதற்குத்தானே உள்ளே விடவில்லை?

சிரித்து முடித்து, மூடியைத் திருப்பப் போனார். நான் குறுக்கே நின்றேன். "அம்மா, அம்மனுக்கு நேரா கறுப்பு வரும்மா. வேண்டாம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "நீங்க ஏறுங்கண்ணே" என்றார். சரசுவதி படத்தைக் கழற்றச் சொல்லி, வலது கைப் பக்கச் சுவரில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். மூடியைத் திருப்பிப் போட்டார். இப்போது சிவப்பு வலது பக்கம், அம்மனுக்கு நேராக. கறுப்பு இடது பக்கம், வெறும் சுவரைப் பார்த்து. யாருக்கும் குறையில்லை.

நம்புவீர்களா சார், அடுத்த ஜெல்லிலேயே வந்துவிட்டது. பதினைந்து மாதிரிக்கும் பதினைந்து கோடு, விபூதிப் பட்டை மாதிரி. லேடர் படி படியாக. அய்யாவின் எச்சிலும் மீதி இருந்தது, அதையும் ஓட்டினோம். பளிச்சென்று ஒரு கோடு! ஒரு படம் தப்பான சுவரில் இருந்ததற்கு ஒரு மாவட்டத்து டி.என்.ஏ.வே மறைந்துவிட்டது பாருங்கள். விஞ்ஞானம் படித்தவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். நான் கண்ணால் பார்த்தவன்.

அய்யா அந்தப் போட்டோவை வாங்கி, லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இருபத்தொன்பதாம் தேதி முழுக்க மேடம் உட்கார்ந்து நோய்ப் பரிசோதனையை முடித்தார். நாற்றுப்பண்ணை அய்யாவு கன்றெல்லாம் சுத்தம், நோயில்லை. ஆனால் அந்த மனிதர் சந்தோஷப்படவில்லை. "டி.என்.ஏ. இல்லைன்னு பலகை வச்சு ஐயாயிரம் கன்னு வித்துட்டேன், இப்பப் போய் இருக்குங்கறீங்களே! இதுக்கு மருந்து ஏதாச்சும் அடிக்க முடியுமா?" என்று நின்றார்.

முப்பதாம் தேதி இயக்குநர் அய்யா அறையில் கூட்டம். மூன்றே பேர்தான், அவர், மேடம், நான். அய்யா தெளிவாகச் சொன்னார்: "ஆறு வாரம் தப்பான அறிக்கை போயிருக்கு. மேல இருந்து விளக்கம் கேட்டாச்சு. யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். பொறுப்பேத்துக்கறவங்க இங்க இருக்க முடியாது."

எனக்கு வேர்த்துவிட்டது. ஏன் வேர்த்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. தப்புச் செய்யாதவனுக்கும் வேர்க்கும் சார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "மருதண்ணே, உங்களுக்குத் தகுதிகாண் எப்ப முடியுது?"

"மாசியிலம்மா. பத்தொன்பது வருஷம் கூலியா இருந்து..."

"தெரியும்ணே. சொல்லியிருக்கீங்க."

தாளை வாங்கி அங்கேயே எழுதினார். அய்யா உரக்கப் படித்தார். மின்னோட்டத்தின் திசை தவறியது, அதைச் சரிபார்ப்பது ஆய்வாளர் கடமை, நான் செய்யவில்லை, பொறுப்பு என்னுடையது. அப்படி என்னவோ. எந்தத் திசை, எந்த ஓட்டம்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாசமான பெண், மனசு ஒரு நிலையில் இருக்காது, தோன்றியதை எழுதியிருக்கிறார். நான் மறுத்துப் பேசியிருக்கலாம். படம்தான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். பேசவில்லை. தானாக ஒத்துக்கொள்கிறவரை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது. அது என் குணம்.

ஒப்பந்தம் நீட்டவில்லை. அன்று மாலையே சாமானை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டார். பெட்டியை நான்தான் ஆட்டோவில் ஏற்றினேன். எனக்கு மனசு கேட்கவில்லை. "பரவாயில்லம்மா, தப்பு யாருக்கும் வரும். நான் மனசுல எதுவும் வச்சுக்கல" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்கப்புறம் வர்ற பொண்ணை உள்ள விடுங்க. பக்கத்துல நின்னு பாக்கட்டும். அது போதும்."

சரி என்று சொல்லி அனுப்பினேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

பொங்கல் கழித்து ஒரு பெண் வந்தது. சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகவில்லை. நேரே வந்து ஜெல் அறைக் கதவில் கை வைத்தது. நான் மறித்துவிட்டேன் சார். "எனக்கு என்ன சார், நான் ஒண்டிக்கட்டைதானே, நான் ஏன் உள்ள வரக் கூடாது?" என்று கேட்டது.

இன்றைக்கு ஒண்டி. நாளைக்குக் கல்யாணம் ஆகாதா?